குச்சிச் சேற்றில் நாலு சக்கரமும் சுற்றிய ஞாயிற்றுக்கிழமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வியட்நாமில் குச்சி என்ற ஊரில் போர்க்காலச் சுரங்கம் பார்ப்பது எப்படி என்று தேடி இங்கே வந்தவர்கள் பதிவை மூடிவிடலாம். நான் சுரங்கத்துக்குள் போகவில்லை. போனது ஏ.டி.வி. ஓட்ட. பைக் மாதிரி கைப்பிடி, குண்டு குண்டாக நாலு டயர், சேறு மணல் பார்க்காமல் ஏறி இறங்கும் வண்டி. அதில் நாலு சக்கரத்துக்கும் சக்தி எப்படிப் போகிறது என்று தெரியாமல் ஏறினால் நடுச்சேற்றில் நிற்பீர்கள். தெரிந்தும் நான் நின்றேன். அது தனிக் கதை, கீழே வருகிறது.

நான் சைகோன் போனதே ஏ.டி.வி.க்காக இல்லை. என் மனைவி அபி அங்கே இருக்கிறாள். ஆம்பூர்க்காரி, காலணித் தொழில்நுட்பம் படித்தவள். நகரத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு ஷூ தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. நான் ஓசூரில் டிராக்டர் ஆக்சில், அதாவது இரண்டு சக்கரங்களைச் சேர்க்கும் அச்சு, வடிவமைக்கிறேன். கல்யாணமாகிப் பதினான்கு மாதம் ஆகிறது. அதில் ஒன்றாக இருந்தது முப்பத்தேழு நாள்.

டிசம்பரோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருந்தால் தையல் பிரிவு முழுவதையும் அவள் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பதில் சொல்லக் கடைசி நாள் அக்டோபரில் ஒரு திங்கள்கிழமை. எனக்கு ஆறு நாள் விடுப்பு கிடைத்தது. புதன் காலை போய், அதே திங்கள் மதியம் திரும்பும்படி டிக்கெட் போட்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் திரும்பி வர வேண்டும். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்ற முடிவோடுதான் விமானம் ஏறினேன். மார்ச் மாதம் போனில், "வேலையை விட்டுட்டு வா" என்று சொல்லியிருந்தேன். எட்டு நாள் அவள் பேசவில்லை. எனக்கு எதையும் பட்டென்று சொல்லித்தான் பழக்கம். அலுவலகத்தில் அதனால் நல்ல பெயர் உண்டு. வீட்டில் அந்த எட்டு நாள்தான் கிடைத்தது.

பெங்களூருவிலிருந்து கோலாலம்பூர் மாறிப் போனேன். போக வர 23,600 ரூபாய், இடைக்காத்திருப்போடு ஒரு வழிக்கு ஒன்பதே முக்கால் மணி நேரம். விமான நிலையத்திலிருந்து அவள் அறைக்கு டாக்சி 1,90,000 டாங். பயப்பட வேண்டாம், நம் ஒரு ரூபாய்க்குக் கிட்டத்தட்ட முந்நூறு டாங்.

அறை சோலோன் என்ற சீனர் வட்டாரத்தின் ஓரத்தில், ஜிப்பும் பக்கிளும் மொத்தமாக விற்கும் தெருவில், மூன்றாவது மாடி. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். நான் வருகிறேன் என்று இன்னொரு டம்ளர் வாங்கி வைத்திருந்தாள். அதில் விலைச்சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது. காலை ஆறே காலுக்குக் கிளம்பிவிடுவாள். இரவு ஏழு மணிக்கு ஷூ பசை வாசனையோடு வருவாள். சாப்பிட்டுக்கொண்டே ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் தூங்கிவிடுவாள். ஓசூரில் இருக்கும்போது எங்களுக்குப் பொதுவான நேரம் ஒரு நாளைக்கு அரை மணி. அங்கே கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நான் வேலை முடித்து வருவதற்கும் அவள் தூங்கப் போவதற்கும் நடுவே அவ்வளவுதான் மிஞ்சும். மூவாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தும் அதே அரை மணிதான் கிடைத்தது. பகலில் உதிரிப் பாகக் கடைகளைச் சுற்றினேன். பழைய பேரிங் பார்த்தேன். மதியம் அறைக்கு வந்து அவளுடைய தலையணையில் தலை வைத்துப் படுத்திருந்தேன். சைகோனில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்னென்ன என்று என்னைக் கேட்காதீர்கள்.

சனிக்கிழமை சாப்பிடும்போது சொன்னாள். "நாளைக்கு உனக்காக ஒண்ணு புக் பண்ணிருக்கேன். குச்சில ஏ.டி.வி. ஒரு மணி நேரம்."

"டூ வீல் டிரைவா, ஃபோர் வீல் டிரைவா?"

"ஐயோ சாமி. தேங்க்ஸ் சொல்லுப்பா முதல்ல."

ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்பினோம். சோலோனிலிருந்தே குச்சிக்குப் பேருந்து இருக்கிறது. ஆனால் அபிக்கு மாரியம்மன் கோயில் போக வேண்டும். அதனால் நகர நடுவில் இருக்கும் 'பென் தான்' சந்தைக்குப் போனோம். அங்கிருந்து கோயில் ஐந்து நிமிட நடை. உள்ளே தமிழ் முகம் எங்களோடு சேர்த்து நாலுதான், மற்றதெல்லாம் வியட்நாம் பெண்கள். கருவறைக்குப் பின்னால் கல் சுவரில் நெற்றியை வைத்து, யாரோ அந்தப் பக்கம் காது கொடுப்பதுபோல, மெதுவாகப் பேசுகிறார்கள். அபியும் அப்படியே நெற்றி வைத்து நின்றாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிடம். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

பென் தானிலிருந்து குச்சி பேருந்து நிலையம் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். 13ஆம் எண் பேருந்து, ஆளுக்கு 20,000 டாங், ஒன்றரை மணி நேரம். மெட்ரோ அந்தப் பக்கம் போகாது, விசாரித்து நேரத்தை வீணாக்காதீர்கள். பேருந்தில் அபி என் தோளில் தூங்கினாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் உங்களுக்கு அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவான தூரம். இரண்டையும் ஒரே கம்பியில் இறுக்கிவிட்டால் ஒன்று வழுக்கித்தான் ஆக வேண்டும். அதற்காகத்தான் நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரப் பெட்டி வைக்கிறோம். இரண்டு சக்கரமும் அவரவர் வேகத்தில் சுற்ற அது இடம் கொடுக்கும். அதற்கு ஒரு விலை உண்டு. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் சம அளவு முறுக்குவிசைதான் அனுப்பும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், அந்தச் சேறு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். ஒன்று வெட்டியாகச் சுற்றும், மற்றது சும்மா நிற்கும். மழைக்காலத்தில் காலி லாரி ஒன்று சேற்றில் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அது இதுதான்.

ஏ.டி.வி.யில் பெரும்பாலும் பின்னால் டிஃபரன்ஷியலே கிடையாது. இரண்டு பின்சக்கரமும் ஒரே கம்பி. வழுக்கினால் இரண்டும் சேர்ந்து வழுக்கும். அதனால்தான் திருப்பத்தில் பாரத்தை வெளிப்பக்கக் காலில் ஊன்றச் சொல்கிறார்கள், உள்பக்கச் சக்கரத்தின் மேல் பாரம் குறைந்தால் அது தேய்த்துக்கொண்டு சுலபமாகத் திரும்பும். முன்னால் டிஃபரன்ஷியல் உண்டு. இன்ஜினிலிருந்து ஒரு ஷாஃப்ட் பின்னால் போகிறது, இன்னொன்று முன்னால். முன்னால் போவது எப்போதும் இணைந்திருக்காது. கைப்பிடியில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் ஒரு குட்டி மோட்டார் பல் வைத்த வளையத்தைத் தள்ளி, முன் ஷாஃப்டைக் கோத்துவிடும். அப்போதுதான் நாலு சக்கரமும் இழுக்கும். சில வண்டிகளில் பொத்தானைப் போட்டுவிட்டால் பிறகு தானாகவே நடக்கும். பின்சக்கரம் வழுக்கி வேகம் எடுத்ததும் முன்பக்க உருளைகள் ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும், வழுக்கல் நின்றால் விட்டுவிடும். எனக்குப் பிடித்தது இந்த வகை. எங்களுக்குக் கிடைத்தது பழைய வகை.

குச்சி நிலையத்திலிருந்து எட்டு கிலோமீட்டர், கார் 95,000 டாங். மாட்டுப் பண்ணைகளைத் தாண்டி, ஒரு தகரக் கொட்டகை. வண்டிக்காரர் பெயரை அபி 'அன் பா' என்றாள், மூன்றாவது அண்ணன். ஆனால் அவர் வீட்டில் இரண்டாவது பிள்ளையாம். இந்தப் பக்கம் மூத்தவரையே இரண்டு என்றுதான் எண்ண ஆரம்பிப்பார்களாம். நாற்பத்தைந்து வயது இருக்கும், வாயில் எப்போதும் பல்குத்தி. ஆங்கிலம் 'ஓகே, நோ ஓகே' அளவுக்கு. என் கையில் வண்டியைக் கொடுக்கும் முன் பிரேக்கை மட்டும் காட்டினார். நான் குனிந்து முன் ஆக்சிலைப் பார்த்ததும் அபியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்ன சொல்றாரு?"

"வண்டி வாங்க வந்தாரா ஓட்ட வந்தாராங்கிறாரு."

ஒரு மணி நேரத்துக்கு, இருவர் உட்காரும் வண்டி, 4,50,000 டாங். ஹெல்மெட் சேர்த்து. அன் பா முன்னால் தன் வண்டியில் வழிகாட்டிப் போனார். நான் பின்னால், என் முதுகில் அபி. முதல் இருபது நிமிடம் ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை. பின்சக்கரங்கள் மட்டுமே போதும். அவள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா போ, மெதுவா போ" என்று கத்திக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் போனில் ஸ்பீக்கர் வழியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நேரில் அது வேறு மாதிரி இருக்கிறது, முதுகு அதிர்கிறது.

மரங்கள் முடிந்த இடத்தில் பாதை தாழ்ந்தது. நேரே ஒரு நாற்பது அடி சேற்றுப் பள்ளம். இடப்பக்கம் வாய்க்கால், அதன் மேல் ஒரு குறுகலான கான்கிரீட் பாலம். அன் பா சேற்றைக் கடந்து அந்தப் பக்கம் நின்று, எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்தினார். "காய் கௌ! காய் கௌ!"

"என்ன காயாம்?" என்றேன்.

"கௌன்னா பாலம்ப்பா. இங்க எல்லாப் பாலத்துக்கும் கௌன்னுதான் பேரு. பாலத்து வழியா வரச் சொல்றாரு."

"அவரு நேரா போனாரே?"

"அவருக்குப் பழக்கம். நமக்கு அந்த வழி. திருப்பு."

திருப்பினேன். அன் பா இன்னும் பலமாகக் கத்தினார், இரண்டு கையையும் ஆட்டினார். அபி, "ஆமா ஆமா, கௌ" என்று பதிலுக்குக் கையாட்டினாள். பாலத்துக்கு இருபது அடி முன்னால் புல் மாதிரி தெரிந்தது புல் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஆக்சில் வரை இறங்கின. நான் ஆக்சிலரேட்டரைத் திருகினேன். கறுப்புச் சேறு அபியின் முதுகு முழுவதும் அடித்தது. பிறகுதான் பொத்தானை அழுத்தினேன். பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்த நாலு சக்கர விளக்கு நிலையாக எரியவில்லை, மினுக்கியது.

அன் பா வாய்க்கால் ஓரமாக நடந்து வந்தார், முழங்கால் வரை சேறு. எங்களைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார். குனிந்து முன் ஆக்சிலைத் தட்டி, "கௌ" என்றார். பின்னால் போய்ப் பின் ஆக்சிலைத் தட்டி, "கௌ" என்றார். இரண்டு விரலைக் காட்டி, "ஹாய் கௌ." பிறகு இரண்டு முஷ்டியையும் விரல்களால் கோத்துக் காட்டி, "காய்!"

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. இவர்கள் ஊரில் ஆக்சிலுக்குப் பெயர் பாலம். இரண்டு சக்கரத்துக்கு நடுவே பாலம். 'காய் கௌ' என்றால் முன் ஆக்சிலைக் கோத்துவிடு, நாலு சக்கரத்தையும் போடு. மனிதர் நேராக வா, ஆனால் பொத்தானை அழுத்திவிட்டு வா என்று கத்தியிருக்கிறார். நாங்கள் பாலத்தைத் தேடிப் போயிருக்கிறோம். (பிரெஞ்சிலும் ஆக்சிலுக்குப் பாலம் என்றுதான் பெயர் என்று பிறகு பார்த்தேன். அங்கிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.)

அன் பா அபியிடம் நீளமாக ஏதோ சொன்னார். அவள் முதுகெல்லாம் சேற்றோடு சிரித்தாள்.

"என்னவாம்?"

"உன் வீட்டுக்காரருக்கு வண்டி தெரியும், பேச்சு தெரியல. உனக்குப் பேச்சு தெரியும், வண்டி தெரியல. ரெண்டு பேரையும் ஒரே சீட்ல உக்கார வெச்சது என் தப்புங்கிறாரு."

விளக்கு மினுக்கினால் என்ன அர்த்தம் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். மோட்டார் வளையத்தைத் தள்ளிவிட்டது. ஆனால் பல்லும் பல்லும் நுனியோடு நுனி முட்டி நிற்கின்றன. முன்சக்கரம் ஒரு கையளவு உருண்டால்தான் பல் இடைவெளியில் விழும். அதைவிட்டு ஆக்சிலரேட்டரைத் திருகினால் சுற்றும் பல் நிற்கும் பல்லைக் கடித்துத் தின்றுவிடும். கையை எடுங்கள். நியூட்ரலில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள்.

அபி இறங்கினாள். அவளும் அன் பாவும் பின்னாலிருந்து ஆட்ட, நான் காலை ஊன்றித் தள்ளினேன். மூன்றாவது ஆட்டத்தில் 'டக்' என்று ஒரு சத்தம், விளக்கு நிலையாக எரிந்தது. கியரைப் போட்டு மெதுவாகக் கொடுத்தேன். முன்சக்கரங்கள் முதலில் வழுக்கின, பிறகு எதையோ பிடித்தன. வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. அபி சேற்றில் நின்று கை தட்டினாள்.

திரும்பி வரும்போது கொட்டகைக்கு முன்னால் கான்கிரீட் சாலை, முந்நூறு மீட்டர். கைப்பிடி திரும்ப மறுத்தது. நான் தோள் கொடுத்துத் திருப்ப வேண்டியிருந்தது.

"ஏன் இப்பிடி முக்குற?" என்றாள் பின்னாலிருந்து.

"நாலு சக்கரத்த இன்னும் எடுக்கல. மறந்துட்டேன்."

"இருந்தா என்ன? இன்னும் நல்லாதானே இழுக்கும்?"

வண்டியை நிறுத்தி விளக்கினேன். திருப்பத்தில் முன்சக்கரங்கள் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன, பின்சக்கரங்கள் சிறிய வட்டத்தில். நடுவில் ஷாஃப்ட் இரண்டையும் ஒரே வேகத்தில் கட்டிப் போட்டிருக்கிறது. சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். கெட்டித் தரையில் வழுக்க வழியில்லை. முறுக்கு ஷாஃப்டுக்குள்ளேயே ஏறிக்கொண்டே போகும். கடைசியில் பல் உடையும், அல்லது ஷாஃப்ட். சாலைக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். பொத்தானை அழுத்தி, வண்டியைக் கொஞ்சம் பின்னால் உருட்டினேன். உள்ளே சிக்கியிருந்த முறுக்கு விட்டுப்போகும் சத்தம் இருவருக்கும் கேட்டது.



கொட்டகையில் அன் பா ரப்பர் குழாயைக் கொடுத்துவிட்டு ஐஸ் காபி போடப் போனார். மணி பதினொன்று. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன், அபி என் காலில் தண்ணீர் பீய்ச்சினாள். குனிந்தபடியே கேட்டாள். "நாளைக்கு நான் பதில் சொல்லணும். வந்து அஞ்சு நாளாச்சு. நீ ஒரு வார்த்தை கேக்கல."

"மார்ச்ல கேட்டேன். எட்டு நாள் பேசாம இருந்தே."

"நீ எங்க கேட்டே? 'வா'ன்னே. 'வர்றியா'ன்னு கேக்கல."

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஒரு வார்த்தை வித்தியாசம், அதற்கு எட்டு நாளா என்று. பிறகு அவள் குழாயைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கேட்டேன்.

"வர்றியா, அபி?"

"இல்ல," என்றாள். உடனே சொல்லிவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. "எனக்கு அந்த செக்ஷன் வேணும். மூணு வருஷம் யாரோ தச்ச ஷூவுல குத்தம் கண்டுபிடிச்சாச்சு. நானே தைக்க வெக்கணும். ஆனா நீ கேக்கணும்னு இருந்துச்சு. நிஜமா."

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

"நீ வர்றியா?" என்றாள்.

"நானா? இங்க வந்து நான் என்ன பண்றது?"

"நான் ஓசூர்ல வந்து என்ன பண்றதுன்னு கேட்டப்ப நீ என்ன சொன்னே? பாத்துக்கலாம்னே."

அன் பா காபியோடு வந்துவிட்டார். எங்கள் முகத்தைப் பார்த்து, டம்ளரை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வண்டி கழுவப் போனார். பதினான்கு மாதத்தில் ஒரு தடவைகூட நான் என்னை அந்தக் கேள்விக்குள் வைத்துப் பார்த்ததில்லை. அவள் வருவாள், எப்போது வருவாள் என்பது மட்டும்தான் என் கணக்கில் இருந்தது. காபி இனிப்பாக இருந்தது, ஐஸ் கரையும்வரை உட்கார்ந்திருந்தோம்.

திங்கள் காலை அவள் வழக்கம்போல ஆறே காலுக்குக் கிளம்பினாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு படியிறங்கிப் போனாள். நான் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது, பதினொன்று நாற்பதுக்கு, சாப்பாட்டு இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், போன் வந்தது. "ரெண்டு வருஷத்துக்குப் போட்டுட்டேன். நான் கேட்டதுக்கு நீ மெதுவா சொல்லு. ஆனா சொல்லு." பின்னால் தையல் இயந்திரங்களின் சத்தம் கேட்டது. சரி என்றேன். வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

இனி உங்களுக்கு வேண்டியது. மே முதல் அக்டோபர் வரை மழை. சேறு வேண்டுமென்றால் அப்போது போங்கள், சும்மா ஓட்டினால் போதும் என்றால் ஜனவரி. மாற்றுத் துணி கட்டாயம், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கிளம்பும் முன் நாலு சக்கரப் பொத்தானை ஒருமுறை அழுத்தி, நாலடி உருட்டி, விளக்கு நிலையாக எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் வேறு வண்டி கேளுங்கள். சேற்றுக்குள் இறங்குவதற்கு முன்பே போடுங்கள், மாட்டிக்கொண்ட பிறகு இல்லை. முன் டிஃபரன்ஷியலைப் பூட்ட இன்னொரு நெம்புகோல் சில வண்டிகளில் இருக்கும். அதைப் பிடித்திருக்கும்வரை வண்டி திரும்பவே திரும்பாது, நேராக ஏறுவதற்கு மட்டும். தார், கான்கிரீட் வந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வண்டிக்காரர் 'கௌ' என்று கத்தினால் பாலத்தைத் தேடாதீர்கள்.

விசா இணையத்திலேயே கிடைக்கும், இருபத்தைந்து டாலர். மூன்று வேலை நாள் என்பார்கள், ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் வருகையின் நோக்கம் என்று ஒரு கட்டம் வரும். போன தடவை யோசிக்காமல் சுற்றுலா என்று அழுத்தினேன். பிப்ரவரியில் மறுபடி போவதற்காக நேற்று படிவத்தோடு உட்கார்ந்தபோது, அந்தப் பட்டியலை முதல்முறையாக முழுவதும் படித்தேன். உறவினரைப் பார்க்க என்று ஒன்று இருக்கிறது. வேலை என்றும் ஒன்று இருக்கிறது. இன்னும் எதையும் அழுத்தவில்லை. படிவத்தை மூடவும் இல்லை.